யாருடைய முழங்காலுக்கு இடம்

என் காரின் ஸ்டீயரிங் முழு வட்டம் இல்லை. மேலே வளைந்து, இரண்டு பக்கமும் இறங்கி, அடிக்கு வந்ததும் கத்தியால் நறுக்கியதுபோல நேர்கோடாகிவிடுகிறது. ஆங்கில எழுத்து ‘டி’ மல்லாந்து படுத்திருப்பதுபோல. ஷோரூமில் இதற்கு டி-கட் என்று பெயர். 2023இல் நான் கார் வாங்கப் போனபோது விற்பனைப் பையன் அந்த நேர்கோட்டைத் தடவிக் காட்டி, “டி-கட் சார், செம ஸ்போர்ட்டி லுக்” என்றான். சார் என்றது என் கணவரை. பணம் என் சம்பளக் கணக்கிலிருந்து போகிறது, ஓட்டப்போகிறவளும் நான்தான் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து வருஷமாக அந்த ஷோரூமில் அந்தக் கண் அந்தப் பக்கம்தான் போகப் பழகியிருக்கும்.

நான் உட்கார்ந்தேன். எதையும் யோசிப்பதற்கு முன் என் இடது கை தானாக வயிற்றுக்கும் ஸ்டீயரிங்கின் அடிக்கும் நடுவே போய் நின்றது. கொஞ்சம் இடம் இருந்தது. என் பழைய கார் எதிலும் இல்லாத இடம். சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் குழப்பத்தைப் பற்றியது.

கை ஏன் அங்கே போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2008. எனக்கு ஏழாம் மாதம். திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை, மதுரையில் வீடு. கைமாறி வந்த ஒரு சின்னக் கார். ஏர்பேக் என்ற பேச்சே இல்லாதது. வாடிப்பட்டி தாண்டி வரும்போது சாலையின் குறுக்கே ஓர் ஆடு. பிரேக்கை முழுக்க மிதித்தேன். ஆடு தப்பித்தது. ஸ்டீயரிங்கின் அடிவளையம் என் அடிவயிற்றில் வந்து முட்டியது.

பெல்ட் போட்டிருக்கவில்லை. வயிற்றை அழுத்துமோ என்ற பயத்தில் நாலாம் மாதத்திலிருந்தே போடாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு, மறைக்கவில்லை. இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் போடாமல் வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பை ஒட்டியும், தோள்பட்டையை மார்புகளுக்கு நடுவே வயிற்றின் பக்கவாட்டிலும் போட வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மாதம் தவறாமல் ஸ்கேன் எடுத்தவர்களும், இரும்புச்சத்து மாத்திரை தந்தவர்களும், பப்பாளி சாப்பிடாதே என்றவர்களும் இதைச் சொல்லவில்லை. கர்ப்பிணி ஒருத்தி டிரைவர் சீட்டில் இருப்பாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு கருவியில் கேட்கும்வரை கழிந்த நிமிடங்களைப் பற்றி நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இங்கும் எழுதப்போவதில்லை. துடிப்பு கேட்டது. அது போதும்.

விடிந்ததும் கேள்வி ஆரம்பித்தது. “இந்த நெலமையில யாரு உன்னய வண்டி எடுக்கச் சொன்னது?” அத்தை கேட்டார். என்னைப் பெற்ற அம்மாவும் அதையே கேட்டாள். டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸும் கேட்டாள். கணவர் கேட்கவில்லை, சாவியை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மகளுக்கு இரண்டு வயது ஆகும்வரை அது அங்கேயே இருந்தது. மிச்ச மாதங்கள் கல்லூரிக்குப் பஸ்ஸில் போனேன், பல நாள் நின்றுகொண்டே. அதில் யாருக்கும் ஆபத்து தெரியவில்லை.

நான் ஏன் ஓட்டினேன் என்று இத்தனை பேர் கேட்டார்கள். அந்த வளையம் ஏன் அங்கே இருந்தது என்று ஒருவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. ஸ்டீயரிங் என்றால் மலை, ஆறு மாதிரி அது இருக்கிற இடத்தில் இருக்கும், நாம்தான் ஒதுங்கிப்போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். பதினைந்து வருஷம் கழித்து ஒரு ஷோரூமில், அதை வெட்டவும் முடியும் என்று தெரிந்தது. சுலபமாக வெட்டியிருக்கிறார்கள். அழகுக்காக.

வட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில் வண்டியைத் திருப்ப நல்ல பலம் வேண்டும். வளையம் பெரிதாக இருந்தால் பலம் குறைவாகப் போதும், கடப்பாரை நீளமானால் கல் சுலபமாகப் புரள்வதுபோல. பழைய பஸ்களில் ஸ்டீயரிங் தாம்பாளம் அகலத்துக்கு இருந்தது அதனால்தான். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநராக வேலையில் சேர்ந்தபோது, பஸ் திருப்ப ஆம்பளைப் பலம் வேண்டும் என்று பேசியவர்கள் இந்த எளிய நெம்புகோல் கணக்கை மறந்திருந்தார்கள். வட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரணக் காரில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப ஏறக்குறைய மூன்று சுற்று ஆகும். கை மாற்றிக் கை மாற்றிப் பிடிக்க வேண்டும். வளையத்தின் எந்த இடம் கைக்கு வந்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்கு வட்டத்தை விட்டால் வேறு வடிவம் இல்லை.

ரேஸ் கார் வேறு உலகம். ஃபார்முலா ஒன் காரில் ஓட்டுநர் பாதி படுத்த நிலையில், கால்களை நீட்டி, ஒரு குழிக்குள் திணிக்கப்பட்டிருப்பார். ஏறவும் இறங்கவும் ஸ்டீயரிங்கையே கழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவு நெருக்கம். கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் வேண்டிய அளவு திரும்பிவிடும் என்பதால் கைகள் பிடித்த இடத்தை விட்டு நகர்வதில்லை. எனவே வட்டம் தேவையில்லை. தொடைக்கு இடம் தேவை. அடியை வெட்டினார்கள். நியாயமான வெட்டு. அந்த வெட்டு எந்த உடலுக்காக என்பதிலும் ஐயமில்லை. 1950இல் தொடங்கிய ஃபார்முலா ஒன் உலகப் போட்டிகளில் இதுவரை இரண்டே பெண்கள்தான் பந்தயத்தில் ஓடியிருக்கிறார்கள், இருவரும் இத்தாலியர்கள். 1958இல் மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ். 1970களில் லெல்லா லொம்பார்தி. புள்ளி எடுத்தவர் லொம்பார்தி மட்டும். 1975இல் ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். விபத்தால் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால் அரைப் புள்ளிதான் கொடுத்தார்கள். முக்கால் நூற்றாண்டில் பெண் கணக்கு அரை.

அங்கிருந்து விலையுயர்ந்த வேகக் கார்களுக்கு வந்து, பிறகு நம் தெருவுக்கும் வந்துவிட்டது. 2018இல் இந்தியாவில் வந்த புதிய மாருதி சுசுகி ஸ்விஃப்ட், 2020இல் டாடா அல்ட்ரோஸ், 2021இல் டாடா பஞ்ச், எல்லாவற்றிலும் அடி தட்டைதான். காய்கறி வாங்கவும் பிள்ளையை டியூஷனில் விடவும் போகிற கார்கள். என் கார் எது என்று சொல்லப்போவதில்லை, விளம்பரமாகவும் வேண்டாம், வழக்காகவும் வேண்டாம்.

ஆர்வத்தில் ஒருநாள் டேப் எடுத்து அளந்தேன். துறைத் தோழியின் காரில் முழு வட்டம், என்னுடையதில் வெட்டு. வித்தியாசம் ஒன்றரை விரற்கடை, அவ்வளவுதான். ஆனால் உடம்புக்கு ஒன்றரை விரற்கடை பெரிய நிலம். சேலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், உட்காரும்போது கொசுவம் மடியில் குவியும். அது இப்போது ஸ்டீயரிங்கில் உரசுவதில்லை. இறங்கும்போது தொடை இடிப்பதில்லை. மாதவிலக்கு நாட்களில் வயிறு உப்பியிருக்கும்போதும் அந்த இடம் ஓர் ஆறுதல்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். இந்த இடம் நேராகப் போகும்போது மட்டும்தான். மதுரைக்குள் எந்தச் சந்தில் வண்டியைத் திருப்பினாலும் தட்டை அடி சுழன்று மேலே போகிறது, முழு வளைவு இறங்கி மடிக்கு வருகிறது. அந்தப் பக்கம் கை வைத்தால் மூலை தட்டுப்படுகிறது, பிடி நழுவுகிறது. வண்டியை ஒடித்து நிறுத்திவிட்டால் இறங்கும்போதும் இடம் இல்லை. நேர்ச்சாலையில் கொடுத்ததைத் திருப்பத்தில் வாங்கிக்கொள்கிறது. 

ஆனாலும் இதைவிடப் பெரிய விஷயம் என் நெஞ்சளவில் இருக்கிறது. என் உயரம் ஐந்தடி. கிளட்ச்சை முழுக்க மிதிக்க வேண்டுமென்றால் சீட்டை முன்னால் இழுத்துத்தான் ஆக வேண்டும். இழுத்தால் மார்பு ஸ்டீயரிங்கை நெருங்கிவிடும். ஏர்பேக் அந்த ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கிறது. மார்பெலும்புக்கும் அதற்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரிகிற பை அது. நெருக்கமாக இருந்தால் காப்பாற்ற வந்ததே காயப்படுத்தும். எனக்குத் தேவை தொடையிடத்தில் ஒன்றரை விரற்கடை வெட்டு இல்லை. ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும் வசதி. அது என் காரில் இல்லை. மேலும் கீழும் மட்டும் சாயும். முன்பின் நகர்வது விலை கூடிய வகையில் உண்டு என்றார்கள். வெட்டுக்குக் கூடுதல் விலை இல்லை, எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். குட்டையானவளின் மார்பெலும்புக்கு லட்சம் ரூபாய் கூடுதல்.

குட்டையானவள் என்று யாரோடு ஒப்பிட்டு எழுதினேன்? மோதல் சோதனைகளில் உலகெங்கும் அதிகம் உட்கார்ந்தது ஜெனரல் மோட்டார்ஸ் 1970களில் உருவாக்கிய ஹைப்ரிட் த்ரீ என்ற பொம்மை. உயரம் ஏறக்குறைய 175 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. சராசரி அமெரிக்க ஆண். பெண் பொம்மையும் உண்டு. ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது, ஐந்தடிக்குக் கீழே, 49 கிலோ. அமெரிக்க அரசின் நட்சத்திர மதிப்பீட்டுக்கான முன்மோதல் சோதனையில் ஆண் பொம்மை டிரைவர் சீட்டில் இருக்கிறது, பெண் பொம்மை பக்கத்து சீட்டில். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஆய்வுக்கூடத்துக்குள்ளும் சார் ஓட்டுகிறார், மேடம் கூட வருகிறார். சராசரிப் பெண்ணுடல் ஒன்றை அளந்து செய்த பொம்மையை, பின்புற மோதல் சோதனைக்காக, ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பெண் விஞ்ஞானியின் குழு 2022இல்தான் காட்டியது. 162 சென்டிமீட்டர், 62 கிலோ. கார்கள் ஓடத் தொடங்கி நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, பெல்ட் போட்டிருந்தும், அதேபோன்ற முன்மோதலில் பெண் கடும் காயமடையும் சாத்தியம் ஆணைவிட 73 விழுக்காடு அதிகம். வயது, உயரம், உடற்பருமன், மோதலின் வேகம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகு வந்த எண் அது.

வெளியூரில் யாராவது முழம் எவ்வளவு என்று கேட்டால் நான் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை நினைத்துக்கொள்வேன். பூக்காரி தன் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீட்டி அளப்பாள். குட்டைக் கைக்காரியிடம் வாங்கினால் பூ குறையும் என்று அம்மா நெட்டைக் கைக்காரியைத் தேடிப் போவாள். வாங்க வந்த ஆறடி ஆண்கூட அந்தக் கையைத்தான் அளவாக ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்ணுடல் அளவுகோலாக இருக்கும் இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அங்கேயும் பேரம் உண்டு, சண்டை உண்டு. ஆனால் யார் கை என்பது எல்லோர் கண்முன்னும் இருக்கும்.

இதையெல்லாம் ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டே மகளிடம் கொட்டினேன். அன்றைக்கு வயிற்றில் இருந்தவள்தான். “எதுக்கு வெட்டுனா என்னம்மா? ஒனக்கு எடம் கெடச்சுச்சுல்ல?” என்றாள். கெட்டிக்காரத்தனமான கேள்வி. பயன்தான் முக்கியம், நோக்கம் எதற்கு? மருந்து செய்தவன் லாபத்துக்காகச் செய்தாலும் காய்ச்சல் இறங்கத்தானே செய்கிறது?

புதுக்கோட்டை நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் ஓட்டினார்கள். பிறகு பலர் அதையே விரும்பிக் கேட்டார்கள். சீட்டிலிருந்து ஹேண்டில் பார் வரை போகும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக. ஆணுக்கென்று போட்ட கம்பி. பாவாடையும் சேலையும் தடுக்கும் என்று பெண்களின் சைக்கிளில் எடுத்துவிட்ட கம்பி. அதில் ஒரு தாய் தன் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறாள். யார் இவளுக்காகச் செய்தது? யாருமில்லை. அவள் எடுத்துக்கொண்டாள். மகளின் பக்கம் இவ்வளவு நியாயம் இருக்கிறது.

இருந்தும் என் மனம் சமாதானமாகவில்லை. நான் இலக்கணம் நடத்துகிறவள், எனக்கு இப்படித்தான் யோசிக்க வரும். எனக்காகச் செய்யப்பட்ட பொருள் என்னோடு முன்னிலையில் பேசுகிறது. நீ உட்கார், உன் கை இங்கே எட்டுகிறதா என்று கேட்கிறது. இந்த ஸ்டீயரிங் வேறு யாரோ ஒருவனோடு பேசிக்கொண்டிருக்கிறது, நீ வேகமானவன், நீ பந்தயக்காரன் என்று. நான் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டு அதில் எனக்கு ஆகிறதை எடுத்துக்கொள்கிறேன். நான் அதற்குப் படர்க்கையாகக்கூட இல்லை.

ஒட்டுக்கேட்டுக் கிடைத்ததற்கு ஒரு சங்கடம் உண்டு. அது நின்றுபோனால் கேட்க முடியாது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் லேலண்ட் 1973இல் ஆஸ்டின் அலெக்ரோ காரை மூலை மழுங்கிய சதுர ஸ்டீயரிங்கோடு கொண்டுவந்தது. தொடைக்கு மேலே இடம் கிடைக்கும், மீட்டர்கள் மறையாமல் தெரியும் என்றார்கள். ஊர் சிரித்தது. சில ஆண்டுகளுக்குள் வட்டத்துக்கே திரும்பினார்கள். அந்தக் கொஞ்ச நாளில் அந்தச் சதுரம் வசதியாக இருந்த கர்ப்பிணி ஒருத்தி எங்காவது இருந்திருப்பாள். அவளிடம் யார் கேட்டிருப்பார்கள்? டெஸ்லா 2021இல் மேல்வளைவையே எடுத்துவிட்டு விமானத்தின் பிடிபோல ஒன்றைப் பொருத்தியது. முணுமுணுப்பு கிளம்பியது, இரண்டு ஆண்டுகளில் வட்டத்தையும் தர வேண்டியதாயிற்று. நாளை ‘டி’ பழசாகிவிடும். வட்டம்தான் கம்பீரம் என்று ஒரு விளம்பரம் வரும். அன்றைக்கு இந்த ஒன்றரை விரற்கடையும் போகும். போனால் நான் எந்தக் கடிதத்தில் என்னவென்று எழுதுவேன்? என்னுடையதை எடுத்துக்கொண்டீர்கள் என்றா? உங்களுடையது என்று எப்போது சொன்னோம் என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

புதுக்கோட்டைப் பெண்களுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு இங்கேதானோ என்று தோன்றுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. ஊரே பார்க்க, எங்களுக்கு இந்தச் சைக்கிள்தான் வேண்டும் என்று கேட்டார்கள். நானோ 2008இல் ஸ்டீயரிங்கைக் கேட்கவில்லை, 2023இல் ஷோரூமிலும் வாயைத் திறக்கவில்லை. ஸ்போர்ட்டி லுக் என்றபோது தலையாட்டிவிட்டு வந்தேன். நெஞ்சுக்கும் இதற்கும் எத்தனை சென்டிமீட்டர் தம்பி, கருவுற்றவள் உட்கார்ந்தால் எப்படி என்று கேட்டிருக்கலாம். பதில் தெரிந்திருக்காது அவனுக்கு. கேள்வியாவது அந்த ஷோரூமில் ஒருமுறை ஒலித்திருக்கும்.

இப்போது கேட்கிறேன், பழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறேன். தோழிகள் கார் வாங்கப் போகும்போது கூடப் போகிறேன். சார் உட்கார்ந்து பாருங்க என்றால், ஓட்டப்போறவங்க உட்காரட்டும் என்கிறேன். ஸ்டீயரிங் முன்பின் நகருமா, சீட் உயருமா என்று கேட்கிறேன். சிலர் பதில் சொல்கிறார்கள். ஒரு பையன், “மேடம் ஆர்.டி.ஓ. ஆபீஸா?” என்று கேட்டான்.

மகளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. வாசலில் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து கியர் போட்டுப் பழகுகிறாள், எஞ்சின் போடாமல். டி-கட் அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ரேஸ் கார் மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மட்டும், நெஞ்செலும்பிலிருந்து ஸ்டீயரிங் நடுவரைக்கும் அளந்து பார் என்றேன். டேப்பைத் தேடப் போனாள். கையாலேயே அள, ஒரு சாணும் மூன்று விரற்கடையும் இருக்க வேண்டும் என்றேன். விரித்து வைத்தாள். சாண் சரியாக வந்தது, விரற்கடை ஒன்று குறைந்தது. சீட்டைப் பின்னால் தள்ளினாள், கிளட்ச் எட்டவில்லை. மறுபடி முன்னால் இழுத்தாள்.

“இப்ப என்னம்மா செய்ய?” என்றாள்.

வீட்டுக்குள் போய்த் தலையணை ஒன்றை எடுத்துவந்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். இன்னும் குறைந்தது. எடுத்துவிட்டேன்.